அண்ணன் உண்டு என்று எழுதிய பிரியந்திக்காக

அனுப்புநர்:
சுபாஷினி த/பெ புவனேஸ்வரன்,
ஒப்பந்தக் கண்காணிப்பாளர்,
தென்கரைக் கடல் போக்குவரத்துக் கண்காணிப்பு நிலையம்.
இல்லம்: பத்து காவான், பினாங்கு.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
பாதுகாப்புச் சோதனைப் பிரிவு,
தென்கரைக் கடல் போக்குவரத்துக் கண்காணிப்பு நிலையம்,
தலைமை அலுவலகம், ஜோர்ஜ் டவுன், பினாங்கு.

பொருள்: செல்வி பிரியந்தி த/பெ விநாசித்தம்பி அவர்களுக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யவும், அவருக்குப் பதிலாக எனக்கு வழங்கப்பட்டுள்ள நியமனத்தை அதுவரை நிறுத்திவைக்கவும் வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நிலையத்தின் உள் அறையில் கண்காணிப்பு அலுவலர் என்னும் நிரந்தரப் பணிக்கு நடந்த தேர்வில் செல்வி பிரியந்தி முதலிடத்திலும் நான் இரண்டாம் இடத்திலும் வந்தோம். இருந்தது ஓர் இடம். பாதுகாப்புச் சோதனையில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் அந்த இடம் எனக்கு வந்திருக்கிறது. நியமனக் கடிதம் கைக்குக் கிடைத்துவிட்டது. நான் இன்னும் கையெழுத்திடவில்லை. அவருடைய விண்ணப்பத்தை மீண்டும் பாருங்கள் என்று, அதனால் நட்டப்படக் கூடிய நானே கேட்பது வழக்கமில்லை என்பதை அறிவேன். ஆயினும் நடந்தவற்றில் பெரும்பகுதியை அருகில் இருந்து பார்த்தவள் நான். ஆகவே எழுதுகிறேன்.

2. மலாய் மொழியில் ஒரு பிரதி இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று கேள்விப்பட்டேன். இதில் வருகிறவர்கள் பேசியது பெரும்பாலும் தமிழில் என்பதால், அவர்கள் சொன்னபடியே தங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று மூல மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

3. நாங்கள் இருவரும் நிலையத்தின் வெளி அறையில் ஒப்பந்த ஊழியர்களாகச் சேர்ந்தவர்கள். நீரிணையில் போகிற வருகிற சரக்குக் கப்பல்கள், இழுவைப் படகுகள், பட்டர்வொர்த் ஃபெரி, மீன்பிடிப் படகுகள் எல்லாம் எங்கள் திரையில் புள்ளிகளாக நகரும். தடம் மாறும் புள்ளியைக் கண்டால் உடனே தகவல் சொல்ல வேண்டும். உள் அறையில் இருக்கும் ரேடார் கருவிகளைப் பாதுகாப்பு அனுமதி பெற்றவர்கள் மட்டுமே தொடலாம். அந்த அறைக்குள் போக வேண்டும் என்பது எங்கள் இருவருடைய ஆசை. பிரியந்திக்கு அதற்கான திறமை என்னைவிட அதிகம். அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. மதிப்பெண்கள் தங்கள் கோப்பிலேயே இருக்கின்றன.

4. அவர் எப்படிப்பட்ட ஊழியர் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மணல் ஏற்றிய பார்ஜ் என்னும் தட்டைச் சரக்குப் படகு ஒன்று, இழுவைக் கயிறு அறுந்து, பினாங்கின் இரண்டாவது பாலத்தை நோக்கி மிதந்து போனது. அன்று திரையின் முன் இருந்தவர் பிரியந்தி. அவர் கொடுத்த எச்சரிக்கையால், பார்ஜ் பாலத்தின் தூணைத் தொடும் முன்னர் வேறொரு இழுவைப் படகு போய் அதைப் பிடித்துவிட்டது. அறையில் இருந்த அனைவரும் அவரைப் பாராட்டினோம். மறுநாள் அவர் கொடுத்த அறிக்கையில், பார்ஜ் தடம் மாறியதைத் தாம் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்ததாகவும், பக்கத்து மேசையில் தொலைபேசி அடித்ததால் எழுந்து போயிருந்ததாகவும் அவராகவே எழுதியிருந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. பாராட்டுக் கடிதத்துக்குப் பதிலாக அவருக்கு அறிவுரைக் கடிதம் வந்தது. ஆனால் திரையின் முன் இருப்பவர் தொலைபேசிக்காக எழக் கூடாது என்ற விதியும் அதன் பிறகுதான் வந்தது. அந்த விதியின்படி நாங்கள் இன்றும் வேலை செய்கிறோம்.

5. இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். பாதுகாப்புச் சோதனைக்கான விண்ணப்பத்தில், உடன்பிறந்தவர்கள் அனைவரையும், அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள், என்ன வேலை பார்க்கிறார்கள், தொடர்பு உண்டா என்ற விவரங்களோடு குறிப்பிட வேண்டும். எனக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. என் சொந்தம் எல்லாம் பத்து காவானிலும் நிபோங் திபாலிலும் முடிந்துவிடுகிறது. பிரியந்திக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் உள்ள அவர் வீட்டுக்குப் பல முறை போயிருக்கிறேன். அவருடைய தந்தை திரு. விநாசித்தம்பி யாழ்ப்பாண வழி வந்தவர்; நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் கேட்டாலும் தமக்கு ஒரே மகள் என்றுதான் அவர் சொல்வார். கூடத்தில் மறைந்த தாயார் பத்மாவதியின் படம் இருக்கும், பிரியந்தியின் பட்டமளிப்புப் படம் இருக்கும். வேறு படம் இல்லை.

6. உண்மையில் பிரியந்திக்கு சதீசன் என்றோர் அண்ணன் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையில் அமர்ந்து, வீட்டில் சொல்லாமல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுக்கொண்டவர். தாயார் இறந்தபோது வேலை நிமித்தம் கடலில் ஒரு கப்பலில் இருந்தார். ஈமச் சடங்கு முடிந்த பிறகுதான் அவருக்குச் செய்தியே போய்ச் சேர்ந்தது. தந்தை அதை ஏற்கவில்லை. அன்றோடு மகன் இல்லை என்று முடிவு செய்துவிட்டார். அப்பாவின் மனம் நோகக் கூடாது என்று பிரியந்தியும் அண்ணனோடு பேசாமல் இருந்துவிட்டார். இந்த நிலையில்தான் அந்தக் கேள்வி அவர் முன் வந்தது.

7. ஊழியர் பிரிவில் இருக்கும் திரு. சாதிக் அவர்களிடம் பிரியந்தி போய் விளக்கம் கேட்டார். நானும் உடன் இருந்தேன். திரு. சாதிக் எங்கள் இருவருக்கும் பல உதவிகள் செய்தவர். அவர்மீது குறை சொல்வது என் நோக்கமல்ல. நல்ல எண்ணத்தில், குரலைத் தாழ்த்தி, "பல வருசமா பேச்சே இல்லைங்கிறீங்க. உங்க அப்பாவே புள்ள இல்லைன்னு சொல்றாரு. விட்டுட்டா யாரு தேடப் போறா?" என்றார். பிரியந்தி, "பேசாட்டியும் அண்ணன்தானே சார்" என்றார். அவ்வளவுதான்.

8. எழுதுவது என்று முடிவானதும் அடுத்த சிக்கல் வந்தது. அண்ணனின் இப்போதைய முகவரியோ வேலையோ பிரியந்திக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதிவிடலாமே என்று நான் சொன்னேன். "தெரிஞ்சிக்க முயற்சியே பண்ணாம தெரியாதுன்னு எழுதினா, அதுவும் மறைக்கிற மாதிரிதானேக்கா" என்றார். சதீசனின் பழைய நண்பர் ஒருவர் மூலம் எண்ணைத் தேடிப் பிடித்தார். வெளிநாட்டுக் குடிமகனோடு பேசப் போகிறோம், என்ன பேசினோம் என்று நாளைக்கு யாராவது கேட்கலாம், அப்போது சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்று என்னை உடன் இருக்கச் சொன்னார். ஐயா, இது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

9. மதிய உணவு வேளையில், நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில், என் காரில் உட்கார்ந்து, நானும் கேட்கும்படி தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துப் பேசினார். எடுத்தவுடனே, "அண்ணா, பிரியந்தி பேசறேன். பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க, அவங்களும் கேட்டுட்டிருக்காங்க" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆண் குரல் அழுவதைக் கேட்டேன். தாயார் கடைசியில் என்ன சாப்பிட்டார், யாரைக் கேட்டார் என்பதையெல்லாம் அவர் விசாரித்தார். பிரியந்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், தாம் அழைத்த காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்.

10. அப்போதுதான் சதீசனின் வேலை என்ன என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவர் பணிபுரியும் நிறுவனம், அந்நாட்டுக் கடற்படைக் கப்பல்களுக்கு ரேடார் கருவிகள் செய்து கொடுக்கிறது. இதைவிட மோசமான வேலை ஒன்றை எங்கள் விண்ணப்பத்துக்கு யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அது சதீசனுக்கும் புரிந்தது. "என் பேர எழுதாதம்மா. எழுதினா உனக்குக் கதவைச் சாத்திடுவாங்க. அப்பா சொல்ற மாதிரியே நீயும் சொல்லிடு" என்று கெஞ்சினார். அதற்குப் பிரியந்தி சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "அப்பா ஒரு தடவ உன்ன இல்லேன்னு சொல்லிட்டாரு. நானும் சொல்லணுமா? எழுதத்தான் போறேன். உன் அட்ரஸ் சொல்லு" என்றார். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அந்த உரையாடலில் விண்ணப்பத்தைத் தவிர, நிலையத்தைப் பற்றியோ, நாங்கள் செய்யும் வேலையைப் பற்றியோ அண்ணனும் கேட்கவில்லை, தங்கையும் சொல்லவில்லை. இதற்கு நான் எந்த இடத்திலும் சத்தியம் செய்து சாட்சி சொல்லத் தயார்.

11. தங்கள் பிரிவிலிருந்து வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள் என்பதால் தந்தையிடமும் அவர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. திரு. விநாசித்தம்பி மகளோடு பேசுவதை நிறுத்தினார். அதற்கு முன், அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால் வருகிறவர்களிடம் தமக்கு மகன் இல்லை என்றே சொல்லப்போவதாக எச்சரித்தார். அவர் அப்படிச் சொல்லியிருந்தால் பிரியந்தி பொய் சொன்னவர் ஆகியிருப்பார். அது தெரிந்தும் அவர் விண்ணப்பத்தை மாற்றவில்லை. விசாரணை அதிகாரிகள் வந்த அன்று மகளைச் சமையலறையில் இருக்கச் சொல்லிவிட்டு, தந்தையிடம் எத்தனை பிள்ளைகள் என்று மலாயில் கேட்டார்கள். அவர், இரண்டு என்றாராம். மூத்தவன் பெயர் சதீசன் என்றாராம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெயரை அப்பா வாயால் கேட்ட பிரியந்தி, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றிருந்ததாக என்னிடம் சொன்னார்.

12. ஏன் மனம் மாறினீர்கள் என்று பின்னொரு நாள் திரு. விநாசித்தம்பியையே கேட்டேன். "எத்தினையோ வருசம் கோர்ட்டில ஆக்களைச் சத்தியம் எடுக்க வைச்சனான், பிள்ளை. கவர்மெண்ட் ஆள் முன்னால நிண்டு கேக்கேக்கை, பொய் சொல்ல வாய் வரேல்லை" என்றார். "அவள் எழுதியிருக்கிறாள். நான் எப்பிடி இல்லையெண்டுறது?" என்றும் சொன்னார்.

13. நேர்முகத்தில் பிரியந்தியை இரண்டு முறை அழைத்துக் கேள்வி கேட்டார்கள். அண்ணன் நாளைக்கு ரேடாரைப் பற்றி ஏதாவது கேட்டால் என்ன செய்வீர்கள் என்பது அதில் ஒன்று. கேட்க மாட்டார், கேட்டால் அன்றைக்கே வந்து உங்களிடம் சொல்வேன் என்று பதில் சொன்னாராம். இது வெறும் வாய்ச்சொல் இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. பினாங்குக்கு வர விரும்புவதாக அண்ணன் செய்தி அனுப்பியபோது, அதற்குப் பதில் போடும் முன்பே ஊழியர் பிரிவுக்குப் போய்த் தெரிவித்தார். திரு. சாதிக் அதை உறுதிப்படுத்துவார்.

14. இவ்வளவுக்கும் பிறகு வந்த முடிவில் இருந்த காரணம் இதுதான்: 'விண்ணப்பக் காலத்தில், பாதுகாப்புத் துறை சார்ந்த வெளிநாட்டு நிறுவன ஊழியர் ஒருவருடன் விண்ணப்பதாரர் தாமாகப் புதிய தொடர்பை ஏற்படுத்திக்கொண்டார்.' ஐயா, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்தத் தொடர்பு ஏன் ஏற்பட்டது என்பது இதில் இல்லை. தங்கள் கேள்விக்குச் சரியான பதில் எழுத வேண்டும் என்பதற்காகவே அவர் அண்ணனைத் தேடினார். பேசாமல் இருந்திருந்தால், தொடர்பு இல்லை என்று எழுதியிருக்கலாம். அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும், அனுமதியும் ஒருவேளை கிடைத்திருக்கும். முழு உண்மையைச் சொல்லப் போய் அதுவே குற்றமாக எழுதப்பட்டிருப்பதுதான் என் மனக்குறை.

15. அனுமதி மறுக்கப்பட்டதோடு அவருடைய நுழைவு அட்டையும் திரும்பப் பெறப்பட்டது; ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி வாரத்தில் உணவகத்தில் சிலர் அவர் காதுபடவே அவரை 'ஸ்பை' என்று சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஃபாத்தின் என்ற பெண், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிரியந்தியின் எதிரில் உட்கார்ந்தார். நானும் போனேன். பிரியந்தி யாரையும் குறை சொல்லவில்லை. "எனக்கும் நடந்தது தெரியலேன்னா நானும் அப்படித்தான் நினைப்பேன் லா" என்று மட்டும் சொன்னார். போகும் முன் தம் வேலையைச் சுத்தமாக முடித்து என்னிடம் ஒப்படைத்தார். எந்தப் படகுக்காரர் சமிக்ஞை கொடுக்க மறப்பார், எந்த இடத்தில் மழையில் திரை ஏமாற்றும் என்பதெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்.

16. எனக்கு நியமனம் வந்த செய்தி கேட்டு முதலில் வாழ்த்த வந்தவர் அவர்தான். கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தியவரும் அவரே. இந்தப் பணி எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. வேண்டும். என் கணவர் யுகேந்திரனின் தொழிற்சாலையில் ஆள் குறைப்பு நடக்கிறது. நிரந்தர வேலை ஒன்று வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை விளக்கத் தேவையில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை உட்கார்ந்துவிட்டேன். கை வரவில்லை. கணவரிடம் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து உறையில் வைத்து, "மொதல்ல அந்தப் பொண்ணு விசயத்த எழுது. அப்புறம் இதப் பாக்கலாம்" என்றார்.

17. மனு எழுதப் போவதைப் பிரியந்தியிடம் தெரிவித்தபோது அவர் முதலில் மறுத்தார். பின்பு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "எனக்காக ஒண்ணும் கூட்ட வேணாம், கொறைக்கவும் வேணாம். அண்ணன் வந்துட்டுப் போனதையும் எழுதுங்க" என்றார். அவருக்கு அது பாதகமாகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்: அனுமதி மறுக்கப்பட்ட பிறகு, சென்ற மாதம் திரு. சதீசன் பினாங்கு வந்து தந்தையின் வீட்டில் தங்கிப் போனார். அண்ணனும் தங்கையும் இப்போது வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள். மகன் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்குத் தாமும் வருவதாகத் திரு. விநாசித்தம்பி சொல்லவில்லையாம். ஆனால் பிரியந்தி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் சட்டை மாற்றிக்கொண்டு காரின் அருகில் நின்றிருந்தார். இந்தத் தகவலும் தங்கள் கோப்பில் சேர வேண்டும் என்பது பிரியந்தியின் விருப்பம்.

18. நாட்டின் கடல் எல்லையைப் பார்க்கும் அறைக்குள் யாரை விடுவது என்று தீர்மானிப்பது எளிய காரியமல்ல என்பதை உணர்கிறேன். வெளிநாட்டில் அண்ணன் இருப்பதை எடைபோடுவது தங்கள் கடமை. அந்தக் கடமையில் தலையிட எனக்குத் தகுதியில்லை. எனினும் தமக்குப் பாதகமானதைக் கேட்காமலே சொல்லும் ஒருவர் அந்த அறையில் இருப்பது நிலையத்துக்குப் பாதுகாப்பா ஆபத்தா என்பதையும் அதே தராசில் வைத்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய விண்ணப்பத்தை வேறொரு குழு மீண்டும் விசாரிக்க வேண்டும். அந்தத் தொலைபேசி உரையாடலுக்குச் சாட்சியாக என்னை அழைக்க வேண்டும். முடிவு வரும்வரை என் நியமனத்தை நிறுத்திவைக்க வேண்டும். அதனால் அது எனக்கு இல்லாமல் போனாலும் நான் முறையிட மாட்டேன்.

19. எல்லாவற்றையும் விசாரித்த பின்னும் அனுமதி தர இயலாது என்று தாங்கள் முடிவு செய்தால், அதையும் ஏற்றுக்கொள்கிறோம். அப்போது ஒரே ஒரு வேண்டுகோள். இந்த விண்ணப்பதாரர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை என்ற ஒரு வரியை, தங்கள் கையெழுத்தோடு அவருக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்து எந்த அலுவலகத்தின் வாசலில் போய் நின்றாலும் அவர் தலைநிமிர்ந்து நிற்க அந்த ஒரு வரி போதும்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டமைக்கு மன்னிப்பும், முழுவதும் வாசித்தமைக்கு நன்றியும்.

இம்மனுவில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்கும்,

(ஒப்பம்)
சுபாஷினி த/பெ புவனேஸ்வரன்

இடம்: பத்து காவான், பினாங்கு
நாள்: 14 மார்ச் 2025

இணைப்பு: மலாய் மொழிப் பிரதி, கையெழுத்திடப்படாத நியமனக் கடிதம்.